வீட்டின் விலையை மிஞ்சிய கடன்

பங்காருபேட்டை என்னும் பெயரிலேயே பொன் இருக்கிறது. மைசூர்ச் சீமையின் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் பெயரால் முன்னர் பௌரிங்பேட்டை என்று வழங்கிய அவ்வூரிலிருந்துதான் கோலார் தங்கவயலுக்குச் செல்லும் கிளை ரயில் பிரிந்து மாரிக்குப்பம் வரை போகிறது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குத் தொழில் தொடங்கினர். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் குடிபெயர்ந்த தமிழர் மூன்று நான்கு தலைமுறைகளாகப் பூமிக்கடியில் இறங்கி உழைத்தனர். பிற்காலத்தில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்ற பெயரில் சர்க்கார் நடத்திய அத்தொழில், 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

சுரங்கம் மூடினால் கூலி நிற்கும் என்பது எவரும் அறிந்தது. அதனோடு ஊரிலுள்ள வீடுகளின் விலையும் இறங்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓர் ஊர் ஒரே தொழிலை நம்பி நிற்குமாயின், அத்தொழில் நின்ற நாளில் கடனைக் கட்டும் கையும் ஒடுங்குகிறது. கடனுக்கு ஈடாக வைத்த வீடும் மெலிகிறது. விற்று அடைத்துவிடலாம் என்றால் விற்க விரும்புவோர் பலராகவும் வாங்க வருவோர் சிலராகவும் இருப்பர். இவ்விதம் வீட்டின் விலையைவிடக் கடன் பெரிதாகிவிட்டால் என்ன நேரும், வீடு ஏலத்துக்குப் போகும் வழி யாது, அவ்வழியில் கடனாளி நின்று பேசக்கூடிய இடங்கள் எவை என்பவற்றை இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

தங்கவயலின் நிலைமையில் ஒரு விசேஷம் உண்டு. சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகள் கம்பெனிக்குச் சொந்தம். தனக்குச் சொந்தமல்லாத வீட்டை எவரும் அடமானம் வைக்க முடியாது. ஆகவே லைன்களில் வாழ்ந்த குடும்பத்துக்கு அவசரம் வந்தால் அடகுக் கடைக்குப் போனது நகையே. பத்திரம் வைத்துக் கடன் வாங்கும் வசதியும், அதனோடு ஒட்டிய அபாயமும், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, பங்காருபேட்டை போன்ற இடங்களில் மனை வாங்கிக் கட்டியவர்களுக்கே உரியன. தொழில் நின்றபின் இவ்வூர்க்காரர் பலர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகின்றனர். பெங்களூர்ச் சம்பளத்தைக் காட்டி ஊரில் வீட்டுக்கடன் வாங்குகின்றனர். சம்பளம் ஓரிடம், வீடு ஓரிடம் என்பது ஒருவகையில் நல்லதே. இரண்டும் ஒரே நாளில் கெடா. ஆனால் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே விரைவுச்சாலை வருகிறது, விலை இன்னும் ஏறும் என்று நம்பி, ஏறாத விலைக்கு இன்றே கடன்படுவோரும் இருக்கின்றனர். அவர்களுக்கே இக்கட்டுரை முதலில் உரியது.

கடன் எப்படி வீட்டை மிஞ்சுகிறது என்பதைச் சிறு கணக்கால் காண்போம். 20 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு. அதன்மேல் 16 லட்சம் கடன். வட்டி நூற்றுக்கு 9. தவணை 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 14,400 ரூபாய் வரும். முதல் மாதத் தவணையில் 12,000 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. முதலில் கழிவது 2,400 மட்டும். ஐந்து ஆண்டு தவறாமல் கட்டியவர் 8,60,000 ரூபாய்க்கு மேல் செலுத்தியிருப்பார். அவருடைய கடன் அப்போதும் 14 லட்சத்து 19 ஆயிரம் அளவில் நிற்கும். பாதிக்கடன் அடைந்திருக்கும் என்று எண்ணி வங்கிக்குப் போய்க் கணக்குக் கேட்பவர் திகைத்துப்போவது இதனால்தான். அந்த நேரத்தில் வீட்டின் விலை 12 லட்சத்துக்கு இறங்கியிருந்தால், விற்ற பின்னும் இரண்டு லட்சத்துக்கு மேல் கையிலிருந்து போடவேண்டும். தவணை தவறி அபராத வட்டியும் செலவும் ஏறினால் பள்ளம் இன்னும் ஆழமாகும்.

இது புதிய துன்பமன்று. 1930-ஆம் ஆண்டையொட்டி உலகமெங்கும் விலைவாசி வீழ்ந்தபோது, தமிழ்நாட்டு உழவர் நெல் விலை பாதியாக இறங்கக் கண்டனர். கடன் பத்திரத்திலுள்ள தொகை மட்டும் ஒரு ரூபாயும் இறங்கவில்லை. சென்னை மாகாணத்தில் ராஜாஜி மந்திரிசபை 1938-இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இதற்காகவே பிறந்தது. பழைய வட்டிப் பாக்கிகளை அது தள்ளியது. முதலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்திவிட்டவரின் கடனைத் தீர்ந்ததாகவே கொண்டது.

அதே காலத்தில் கடல் கடந்த பர்மாவில் கடன் கொடுத்தவர் தமிழராக இருந்தனர். கீழைப் பர்மாவின் நெல் வயல்களை ஈடாகப் பெற்று நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பணம் கொடுத்திருந்தனர். 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் அவர்கள் வசமிருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938-க்குள் அது 25 பங்காயிற்று. நிலத்தை விரும்பி வாங்கினார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அவர்கள் தொழில் பணம் கொடுத்து வாங்குவது; உழுவது அன்று. கடன் திரும்பாமையால் விலை வீழ்ந்த வயல்கள் வந்து சேர்ந்தன. நிலமிழந்த பர்மியரின் கோபமும் கூடவே வந்தது. 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஈட்டைவிடக் கடன் பெரிதாகும்போது கடனாளி ஒருவனே இழப்பான் என்பது தவறான எண்ணம் என்பதற்காகவே இதை எடுத்துக் காட்டினோம். வங்கி மானேஜரும் இந்த உண்மையை அறிவார். சமாதானம் பேசப் போகிறவருக்கு அந்த அறிவே துணை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் அடமானத்துக்கு அடிப்படை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதில் பலவகை அடமானங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. இக்காலத்து வீட்டுக்கடன் பெரும்பாலும் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் அடமானம். கடன் தீரும்வரை தாய்ப் பத்திரமும் கிரயப் பத்திரமும் வங்கியின் பெட்டகத்தில் கிடக்கும். வீட்டில் நாம் குடியிருப்போம். அச்சட்டத்தின் 60-ஆவது பிரிவு கடனாளிக்கு ஒரு பெரும் உரிமையைத் தருகிறது. பாக்கியைச் செலுத்தி ஈட்டை மீட்டுக்கொள்ளும் உரிமை அது, மீட்புரிமை என்போம். இவ்வுரிமையை நீதிமன்றத்தின் வழியாக முற்றிலும் அடைத்துவிடுவதே ஆங்கிலச் சட்டமொழியில் ‘ஃபோர்குளோஷர்’ எனப்படும். நம் சட்டத்தில் அது சிலவகை அடமானங்களுக்கு மட்டுமே உண்டு. சாதாரண வீட்டுக்கடனில் வழி ஏலவிற்பனையே. வேடிக்கை என்னவென்றால், இந்நாட்டு வங்கிகளின் கவுன்ட்டரில் அதே சொல்லுக்கு நேர்மாறான பொருள்: கெடுவுக்கு முன்னரே கடனை முழுதும் அடைத்து முடிப்பதை அவர்கள் அப்படிச் சொல்லுகின்றனர். அச்சொல்லைக் கேட்டவுடன் நெஞ்சு பதற வேண்டுவதில்லை. எந்தப் பொருளில் சொல்லுகிறார்கள் என்று கேட்டறிவதே நலம்.

தங்கச்சுரங்கம் மூடிய மறு ஆண்டில், அதாவது 2002-இல், கடன் வசூல் முறையே மாறிவிட்டது. சர்ஃபேசி என்று சுருக்கமாக வழங்கும் சட்டம் அவ்வாண்டில் வந்தது. அதற்கு முன் வங்கியும் சிவில் கோர்ட்டுக்கோ கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கோ போய் வழக்காடித் தீர்ப்பு வாங்கியே ஈட்டை விற்கவேண்டும். ஆண்டுகள் பல ஓடும். புதிய சட்டத்தின்படி வங்கியும், வீட்டுக்கடன் நிறுவனங்களும் கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டைக் கைப்பற்றி விற்கலாம். இச்சட்டம் செல்லுமா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஆயினும் கடனாளி முறையிட வேண்டுமானால் கேட்கப்பட்ட தொகையில் நூற்றுக்கு 75 பங்கை முன்னதாகக் கட்டவேண்டும் என்றிருந்த கொடிய விதியை மட்டும் வெட்டி எறிந்தது. சாமானியர் இன்று தீர்ப்பாயத்தின் படி ஏற முடிவது அத்தீர்ப்பினாலேயே.

நடைமுறை இவ்வாறு. தவணை தவறி 90 நாள் கடந்தால் கணக்கு வாராக்கடன் பட்டியலில் சேரும். பிறகு வங்கி ஓர் அறிவிப்பு அனுப்பும். முழுப் பாக்கியையும் 60 நாளில் கட்டுக என்று அதில் கண்டிருக்கும். தவறிய தவணைகளை மட்டுமன்றி, மீதமுள்ள கடன் முழுவதையும் கேட்பார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். இந்த அறிவிப்பைக் கையெழுத்திட்டு வாங்கப் பயந்து தபால்காரரைத் திருப்பி அனுப்புவோர் உண்டு. அதனால் ஒரு நாளும் மிச்சமாகாது. வாங்குவதே மேல்; ஏனெனில், கணக்கில் பிழை இருந்தாலும், கட்டிய தொகை வரவு வைக்கப்படாதிருந்தாலும், தவணையை மாற்றியமைக்க வேண்டினாலும், எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை அந்த 60 நாளில் இருக்கிறது. ஆட்சேபம் வந்தால் 15 நாளுக்குள் வங்கி காரணம் காட்டிப் பதில் எழுதியே ஆகவேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினால் போதும். வாய்ச்சொல்லால் மானேஜரிடம் சொல்லிவந்தது பின்னால் சாட்சிக்கு நிற்காது.

60 நாளும் கழிந்தால் வங்கி வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம். முதலில் பெரும்பாலும் வீட்டுக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டுவார்கள். ஏழு நாளுக்குள் அதை இரண்டு பத்திரிகைகளில் வெளியிடவேண்டும். அவற்றுள் ஒன்று அவ்வட்டாரத்து மொழியில் வரவேண்டும் என்பது விதி. பங்காருபேட்டை வட்டாரத்தில் அது கன்னடமாகவே இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த முதியவர்களின் பெயரில் வீடு இருக்கும் குடும்பங்களில் இந்த விளம்பரம் கண்ணில் படாமலே போய்விடக்கூடும். பிள்ளைகள் கவனிக்கவேண்டிய இடம் இது. குடும்பத்தாரை உண்மையில் வெளியேற்றிச் சாவி வாங்குவதற்கு வங்கி மாவட்ட மாஜிஸ்திரேட்டின் உதவியை நாடும். அடியாட்களை அனுப்பிப் பயமுறுத்துவதற்குச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை.

சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கடனாளி தீர்ப்பாயத்தில் முறையிடலாம். கோலார் மாவட்டத்தாருக்கு அது பெங்களூரில் இருக்கிறது. முறையிட்டாலே விற்பனை நின்றுவிடும் என்று சிலர் நம்பி ஏமாறுகின்றனர். தடை உத்தரவு தனியே கிடைத்தாலன்றி நிற்காது. வேறு சில காப்புகளும் சட்டத்திலுண்டு. விவசாய நிலத்தின்மேல் இச்சட்டம் பாயாது. ஒரு லட்சம் ரூபாய்க்கு மிகாத கடனுக்கும் பாயாது. முதலும் வட்டியும் சேர்ந்த மொத்தத்தில் பாக்கி நூற்றுக்கு 20-க்குக் குறைவாக இருப்பின் அங்கும் பாயாது. கடைசித் தவணைகளில் தடுமாறுவோர் இதை அறிந்துவைத்தால் பயன்படும்.

அடுத்து ஏலம். மதிப்பீட்டாளர் ஒருவர் வீட்டை மதிப்பிடுவார். குறைந்தபட்ச விலை நிர்ணயிக்கப்படும். 30 நாள் அறிவிப்புடன் முதல் ஏலம் நடக்கும். எடுப்பார் இல்லையெனில் மறு ஏலத்துக்கு 15 நாள் அறிவிப்பே போதும். விலையும் ஒவ்வொரு முறையும் இறங்கிக்கொண்டே போகும். ஏலம் எடுத்தவர் நூற்றுக்கு 25 பங்கை உடனே கட்டி, மீதியை 15 நாளில் செலுத்தவேண்டும். அந்தக் காலத்தைப்போல் தண்டோரா போட்டு வீட்டு வாசலில் நடத்தும் ஏலங்கள் அருகிவிட்டன. இப்போது பெரும்பாலும் இணையத்தின் வழியாகவே நடக்கின்றன. பங்காருபேட்டையில் இருக்கும் வீட்டை எங்கேயோ இருப்பவர் பாராமலே எடுப்பார்.

மீட்புரிமை எதுவரை நிற்கும் என்ற வினா இங்கே மிக முக்கியமானது. முன்னர், விற்பனை முடியும்வரை பணத்தைக் கொண்டுவந்து கட்டி வீட்டை மீட்கலாம் என்றிருந்தது. 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்னரே முழுத்தொகையும் செலுத்தப்படவேண்டும் என்று அத்திருத்தம் கூறுகிறது. 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஏலத்தின் முந்திய நாள் சொந்தக்காரரிடம் கடன் வாங்கிப் பணத்தோடு ஓடிவருபவர் காலம் கடந்தவராகிவிடுவார். ஊரில் பழைய விதியையே இன்னும் சொல்லிக்கொண்டிருப்போர் பலர். ஆகவேதான் இதனை அழுத்திச் சொல்லுகிறோம்.

வீடு ஏலத்தில் போய்விட்டதும் கடன் தீர்ந்தது என்று நினைப்பது மற்றொரு பிழை. 2008-ஐ ஒட்டி அமெரிக்க நாட்டில் வீட்டு விலைகள் வீழ்ந்தபோது, சாவியை வங்கிக்கு அனுப்பிவிட்டு மக்கள் வெளியேறினார்கள் என்று பத்திரிகைகளில் படித்தோம். அந்நாட்டின் சில மாநிலங்களில், வீடு வாங்கப் பெற்ற கடனுக்கு அவ்வீட்டைத் தவிர வேறெதன்மேலும் கை வைக்க முடியாது என்ற சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் அவ்விதமில்லை. ஏலப்பணம் போதாவிட்டால் மீதிக்காகக் கடனாளியின் பிற சொத்தின்மேலும், ஜாமீன் கையெழுத்துப் போட்டவரின்மேலும் வங்கி நடவடிக்கை எடுக்கலாம். மைத்துனருக்காகவும் சிநேகிதருக்காகவும் முகதாட்சண்யத்தால் கையெழுத்திட்டவர்கள் வீட்டு வாசலுக்கு அறிவிப்பு வருவது இதனால்தான். மாறாக, ஏலப்பணம் கடனுக்கும் செலவுக்கும் மேல் மிஞ்சினால் அந்த மிச்சம் கடனாளிக்கே உரியது, கேட்டு வாங்கவேண்டும்.

இவ்வளவும் நடக்கும் முன் செய்யக்கூடியது யாது? கடனைவிட வீடு குறைந்த விலையே பெறும் என்று தெரிந்தவுடன், வங்கியின் சம்மதத்தோடு தாமே ஆள் தேடி விற்பது பெரும்பாலும் ஏலத்தைவிட நல்ல விலை தரும். குடியிருக்கும் வீட்டைப் பார்த்து வாங்குபவர் கொடுக்கும் விலையை, வில்லங்கமும் வழக்கும் உண்டோ என்று அஞ்சி ஏலம் கேட்பவர் கொடுப்பதில்லை. குறையும் தொகைக்கு, ஒரே தடவையில் ஒரு தொகை கட்டி முடித்துக்கொள்ளும் சமரச ஏற்பாட்டை எழுத்தில் கேட்கலாம். வங்கி மறுக்கலாம், ஆனால் முதல் ஏலத்தில் ஆள் வராது என்று அவர்களுக்கும் தோன்றினால் இறங்கிவரக்கூடும். லோக் அதாலத்திலும் இத்தகைய கணக்குகள் முடிகின்றன. வட்டிக்கு வட்டி கேட்கும் கைமாற்று வாங்கி வங்கித் தவணையைக் கட்டுவது மட்டும் வேண்டாம். நூற்றுக்கு 9 வட்டியுள்ள கடனை 36 வட்டியுள்ள கடனால் அடைப்பது, கூரை எரிகையில் எண்ணெய் ஊற்றுவதாகும்.

இன்னொருவரையும் மறக்கலாகாது: அவ்வீட்டில் போக்கியத்துக்குக் குடியிருப்பவர். பெங்களூரிலும் கோலார் மாவட்டத்திலும் சில லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்து, வாடகையில்லாமல் இரண்டு மூன்றாண்டு குடியிருந்து, காலி செய்யும்போது அப்பணத்தைத் திரும்பப் பெறும் வழக்கம் பரவியிருக்கிறது. சிலர் இதை ‘லீஸ்’ என்பர். கடனில் மூழ்கிய வீட்டுக்காரருக்கு இப்பணம் ஒரு கைப்பிடிக் கயிறாகத் தோன்றும். ஆனால், அடமானத்திலுள்ள கட்டடத்தை உரிமையாளர் குத்தகைக்கு விட்டால், முன்பணம் வாங்கலாகாது, வாடகையை முன்னதாகப் பெறலாகாது, மூன்றாண்டுக்கு மேல் விடலாகாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 65-ஏ பிரிவு கூறுகிறது. வங்கியின் சம்மதமில்லாத போக்கியம் ஏலத்தின்போது நிற்பது அரிது. கொடுத்த பணத்துக்கு வீட்டுக்காரரையே தேடவேண்டும். அவரோ ஏற்கெனவே கடனாளி. ஆதலால் போக்கியத்துக்கு வீடு பார்ப்பவர் வில்லங்கச் சான்றும் காதாவும் பார்ப்பதோடு, மூலப் பத்திரத்தைக் கண்ணால் காட்டச் சொல்லவேண்டும். பத்திரம் வங்கியில் இருக்கிறது என்று பதில் வந்தால், அவ்வங்கியின் எழுத்துச் சம்மதமின்றிப் பணம் கொடுக்கலாகாது. வெட்கப்பட்டுக் கேளாமல் விட்டுச் சேமிப்பெல்லாம் இழந்த குடும்பங்கள் உண்டு.

வங்கியைத் தவிர்த்துத் தனியாரிடம் பத்திரம் வைத்துக் கடன் பெற்றவர்களுக்குச் சர்ஃபேசி பொருந்தாது. கடன் கொடுத்த தனியார் சிவில் கோர்ட்டில் வழக்கிட்டு, முதனிலைத் தீர்ப்பும் பின்னர் இறுதித் தீர்ப்பும் பெற்றே வீட்டை விற்கமுடியும். முதனிலைத் தீர்ப்பில் பணம் கட்டக் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கப்படும். காலம் நீளுவதால் இது மேல் என்று தோன்றலாம். ஆயினும் அங்கே வட்டி விகிதம் எவ்வளவு, எழுதிக்கொடுத்தது அடமானமா அல்லது கிரயமா என்பதை முதலில் பார்க்கவேண்டும். கடனுக்கு என்று சொல்லிக் கிரயப் பத்திரத்திலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் ஒழிந்தபாடில்லை. படிக்கத் தெரியாவிட்டால் சார்பதிவாளர் முன்னிலையில் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகே விரல் வைக்கவேண்டும்.

கடனைத் தீர்த்தவர்களும் ஒன்று செய்யவேண்டியிருக்கிறது. முழுத்தொகையும் செலுத்திய 30 நாளுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. இவ்விதி 2023 டிசம்பர் முதல் நாளிலிருந்து அமலில் இருக்கிறது. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன் தீர்த்தவருக்கு உரியது. பத்திரத்தோடு பாக்கியில்லை என்ற சான்றையும் பெற்று, அடமானம் பதிவாகியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை நீக்கிப் பதிந்து, புதிய வில்லங்கச் சான்று ஒன்று எடுத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும். பழைய அடமானக் குறிப்பு அதில் நின்றுவிட்டால், பிற்காலத்தில் பிள்ளைகள் வீட்டை விற்க முயலும்போது அதனால் தடை எழும்.